ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்குப் பட வாய்ப்பே இல்லையா?

"சினிமா வாய்ப்பு வற்றியதால், 80 வயதில் டிவி காமெடித் தொடருக்கு வந்துவிட்டார் ஹாரிசன் ஃபோர்டு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அவர் நடிக்கும் 'ஷ்ரிங்கிங்' தொடர் ஆப்பிள் டிவியில் தொடங்கியது 2023 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் அவர் நாயகனாக நடித்த ஐந்தாவது இண்டியானா ஜோன்ஸ் படம் வெளியானது. 2025 பிப்ரவரியில் கேப்டன் அமெரிக்கா படத்தில் அமெரிக்க அதிபராக வந்தார்.

தொடரில் அவருக்குப் பார்க்கின்சன் நோயோடு வாழும் மனநல ஆலோசகர் வேடம். சிரிக்கவும் வைக்கிறார், கலங்கவும் வைக்கிறார். இதற்காகத்தான் 2025இல் முதன்முறையாக, அமெரிக்க டிவி நிகழ்ச்சிகளுக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். எம்மி இணையதளத்தில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.