ரக்பி ஒரே நாளில் பிறந்ததா?

1823இல் இங்கிலாந்தின் ரக்பி உறைவிடப் பள்ளியில், கால்பந்து ஆடிக்கொண்டிருந்த வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன் திடீரென பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான், அன்றே ரக்பி ஆட்டம் பிறந்தது என்ற தகவல் சுற்றி வருகிறது. பள்ளிச் சுவரில் கல்வெட்டே இருக்கிறது என்பதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

கல்வெட்டு இருப்பது உண்மைதான். ஆனால் அது 1900இல் வைத்தது. எல்லிஸ் இறந்தது 1872இல். கதை முதன்முதலில் அச்சேறியது 1876இல், பள்ளி இதழில். எழுதிய முன்னாள் மாணவர் புளோக்சம் 1823க்கு முன்பே பள்ளியை விட்டுப் போனவர், எதையும் நேரில் பார்த்தவரல்ல. 1895இல் முன்னாள் மாணவர்கள் தீர விசாரித்தும் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 1834இல் அதே பள்ளியில் சேர்ந்த தாமஸ் ஹியூஸ் என்ற மாணவர், தன் காலத்திலும் பந்தோடு ஓடுவது அரிது, உயிருக்கே ஆபத்தானது என்றுதான் சொன்னார்.

சரி, அப்படியானால் ஆட்டம் எப்படி வந்தது? விடுதிப் பையன்கள் கூடி உருவாக்கினார்கள். மைதானத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பந்துக்கு முட்டி மோதுவார்கள். விதிகள் வாய்வழியாகவே இருந்தன. சர்ச்சை வந்தால் மூத்த மாணவர்கள் பேசித் தீர்ப்பார்கள். பந்தோடு ஓடுவது 1830களின் இறுதியில் மெல்லப் பரவி, 1840களின் தொடக்கத்தில் விதிப்படி அனுமதிக்கப்பட்டது. 1845இல் மூன்று மாணவர்கள் 37 விதிகளை எழுதினார்கள். ஆசிரியர்கள் யாரும் எழுதித் தரவில்லை. பெருமை சேரவேண்டியது அந்தப் பையன்களுக்கு. ரக்பி உலகக் கோப்பையோ எல்லிஸ் பெயரில்தான் இருக்கிறது.