குடிமராமத்துச் செலவு முழுவதும் ஊரார் தலையிலா?

“குடிமராமத்து என்றால் ஏரியைத் தூர்வாரும் செலவு முழுவதையும் பாசன விவசாயிகளே ரொக்கமாகக் கட்ட வேண்டும்” என்று கடலூர் மாவட்டக் கிராமங்களில் வாட்ஸ்அப் வழியாகப் பரவும் செய்தி தவறானது.

ஏரி, குளங்களை ஊராரே சேர்ந்து பராமரிக்கும் பழைய முறையே குடிமராமத்து. 2017-இல் தமிழ்நாடு அரசு புதுப்பித்த அந்தத் திட்டத்தில் விவசாயிகளின் பங்கு 10 சதவீதம் என்றே வகுக்கப்பட்டது. அதையும் பணமாகவோ, பொருளாகவோ, உடலுழைப்பாகவோ தர இடமிருந்தது. மீதத் தொகையை அரசு ஏற்க, வேலையைப் பாசன விவசாயிகளின் சங்கங்களே எடுத்துச் செய்தன. மண்வெட்டியோடு கரைக்கு வந்தவரின் உழைப்பும் பங்காகவே கணக்கிடப்பட்டது என்பதைத்தான் அச்செய்தி மறைக்கிறது.

இந்த அச்சத்துக்குப் பழைய வேர் உண்டு என்பது என் ஊகம். கரை உடையும் ஆபத்தின்போது உழைக்க மறுத்தவர்களிடம் பணம் வசூலிக்க, 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இடமளித்தது. 2017-இன் திட்டம் அந்தச் சட்டத்தின் தொடர்ச்சி அன்று.

அண்டையிலுள்ள புதுச்சேரியில் 1999-இல் தொடங்கி 84 ஏரிகளைச் சீரமைத்த திட்டத்திலும் பெரும்பகுதி நிதி ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்தே வந்தது. ஏரிச் சங்கங்கள் பராமரிப்புப் பொறுப்பில் பங்கேற்றன. தென்பெண்ணையும் கெடிலமும் ஒருசேரப் பெருகும் கடலூரில், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலும், உபரிநீர் வழியும் கலிங்கும் அடைபடாமல் காக்க உள்ளூர்ச் சங்கத்தைவிட அருகிலிருப்பவர் எவருமில்லை. சங்கம் பணம் கேட்டால், வேலைக்கு அனுமதிக்கப்பட்ட செலவு மதிப்பீட்டைக் காட்டச் சொல்லி, உங்கள் பங்கை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.