துப்பாக்கிகள் எரிந்த பிறகு குர்து மக்களோடு நிற்பது யார்?

2025 ஜூலை 11 அன்று ஈராக்கின் சுலைமானியா மாகாணத்தில், ஒரு மலைக்குகையின் முன்னால், துருக்கியின் குர்து மக்களுக்காக ஆயுதம் ஏந்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியின் போராளிகள் 30 பேர் தங்கள் துப்பாக்கிகளைப் பெரியதொரு கொப்பரையில் இட்டுத் தீ வைத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்று வந்தவரும் பெஸே ஹோசாத் என்ற பெண்ணே. துருக்கி அரசுக்கு எதிராக 1984 ஆகஸ்டில் தொடங்கி 40,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்ட போரை முடித்துக்கொள்ள ஒரு தரப்பு தன் கையாலேயே செய்த காரியம் அது.

2014 இறுதியில் ஐ.எஸ். படைகள் சிரியாவின் குர்து நகரான கொபானியை முற்றுகையிட்டபோது, அந்நகருக்காக ஐரோப்பாவின் பெருநகரங்களில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கி ஏந்திய குர்துப் பெண்களின் படங்கள் இதழ்களின் அட்டைகளை நிறைத்தன. அதே மக்கள் துப்பாக்கியைக் கீழே வைத்து, இனி அரசியலால் பேசுவோம் என்று சொன்னபோது, அந்த ஆதரவுக் குரல்களில் பெரும்பாலானவை எழவில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. போராடும் மக்களுக்கு வெளியாரின் துணை போர்க்காலத்தைக் காட்டிலும் சமாதானக் காலத்திலேயே அதிகம் தேவை என்பது என் உறுதியான கருத்து. ஆயுதம் இருக்கும்வரை எதிர்த்தரப்பு பேச வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. ஆயுதம் போன பிறகு, கொடுத்த வாக்கை அரசு காப்பாற்றுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க வெளியில் யாராவது வேண்டும்.

நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். 2025 பிப்ரவரி 27 அன்று, 1999 முதல் இம்ராலி தீவில் சிறைவைக்கப்பட்டிருக்கும், அக்கட்சியின் நிறுவனரான அப்துல்லா ஓஜலான், தமது இயக்கம் ஆயுதங்களைக் கைவிட்டுத் தன்னைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்று அழைப்பு விடுத்தார். மார்ச் 1இல் போர்நிறுத்தம், மே மாதத்தில் கட்சியைக் கலைக்கும் மாநாட்டு முடிவு, ஜூலையில் ஆயுத எரிப்பு, அக்டோபரில் துருக்கி மண்ணிலிருந்து விலகல் அறிவிப்பு எனக் குர்துத் தரப்பு அடுத்தடுத்து நடந்தது. துருக்கிய நாடாளுமன்றம் ஆகஸ்டில் ஓர் ஆணையத்தை அமைத்தது; அதன் குழுவொன்று நவம்பரில் இம்ராலிக்குச் சென்று ஓஜலானைச் சந்தித்தது. இதை நான் சிறிதாக மதிப்பிடவில்லை. ஆனாலும் ஆயுதத்தை எரித்த அந்த 30 பேரும் அன்றே மலைகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அவர்கள் தம் ஊர்களுக்குப் போய் வாழ வழிசெய்யும் சட்டம் எதுவும் அன்று இல்லை.

கடந்த கால அனுபவமும் அச்சத்தையே தருகிறது. 1993 மார்ச்சில் ஓஜலான் அறிவித்த போர்நிறுத்தம், பேச்சுக்கு இணக்கமாயிருந்த அதிபர் துர்குத் ஓசால் ஏப்ரலில் இறந்து, மே மாதத்தில் பிங்கோல் அருகே ஆயுதமற்ற படைவீரர்கள் 33 பேர் குர்துப் போராளிகளால் கொல்லப்பட்டதோடு முறிந்தது. பின்னர் ஒஸ்லோவில் இரகசியமாக நடந்த பேச்சுகள் 2011இல் வெளியே கசிந்து கலைந்தன.

2013 நவ்ரோஸ் என்னும் குர்துப் புத்தாண்டு நாளில், குர்துப் பகுதியின் பெருநகரான தியார்பகீரில் இலட்சக்கணக்கானோர் முன் ஓஜலானின் கடிதம் வாசிக்கப்பட்டுத் தொடங்கிய முயற்சியே எல்லாவற்றிலும் அதிக நம்பிக்கை அளித்தது. 2015 ஜூன் தேர்தலில் குர்து மக்கள் சார்பான மக்கள் ஜனநாயகக் கட்சி 13 சதவீத வாக்குகளுடன் 80 இடங்களை வென்றது. அதன் பிறகு நடந்தவற்றை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஜூலை 20 அன்று, கொபானியை மீளக் கட்டியெழுப்ப உதவப் புறப்பட்ட இளைஞர்கள் சுருச் நகரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் போர் மீண்டது. அக்டோபர் 10 அன்று அங்காராவில் சமாதானப் பேரணிக்குக் கூடியவர்களில் 100க்கும் மேற்பட்டோர் குண்டுக்கு இரையானார்கள். நவம்பர் 28 அன்று, தியார்பகீர் வழக்கறிஞர் சங்கத் தலைவர் தாஹிர் எல்சி, ஆயுத மோதல் வேண்டாம் என்று பழைய நகரத்தின் நாற்கால் மினாரத்தின் அடியில் நின்று பேசி முடித்த சற்று நேரத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று காவலர்களும் 2024 ஜூனில் விடுவிக்கப்பட்டார்கள். போரை நிறுத்தக் கோரிக் கையெழுத்திட்ட கல்வியாளர்களில் 800க்கும் மேற்பட்டோர் பயங்கரவாதப் பரப்புரை செய்ததாக வழக்குகளைச் சந்தித்தார்கள். பலர் வேலை இழந்தார்கள்.

அந்த ஆண்டில் ஐரோப்பிய அரசுகள் என்ன செய்தன? அகதிகளைத் தடுத்து நிறுத்தும் ஒப்பந்தத்திற்காக அங்காராவோடு பேரம் பேசிக்கொண்டிருந்தன. 2022இலும் இதுவே நடந்தது. நேட்டோவில் சேரத் துருக்கியின் ஒப்புதலை வேண்டிய சுவீடனும் பின்லாந்தும், ஐ.எஸ்.ஸை முறியடித்த சிரியக் குர்துப் படைகளுக்கு ஆதரவளிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தன. அரசுகளின் நட்பு இவ்வளவுதான் என்பதால்தான் மக்களின் ஒருமைப்பாட்டைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

அந்த ஒருமைப்பாடு குறிப்பான கோரிக்கைகளாக வடிவெடுக்க வேண்டும். விடுதலைக்கான எந்த வாய்ப்பும் இல்லாத ஆயுள் தண்டனை மனிதத்தன்மைக்கு எதிரானது என்று ஓஜலான் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2014 மார்ச்சிலேயே தீர்ப்பளித்தது. 2016 நவம்பரில் கைதான, மக்கள் ஜனநாயகக் கட்சியின் அன்றைய இணைத்தலைவர் செலாஹத்தின் டெமிர்தாஷை உடனே விடுவிக்குமாறு அந்நீதிமன்றத்தின் பேரமர்வு 2020 டிசம்பரில் ஆணையிட்டது; அவரை விடுவிப்பதற்குப் பதிலாக, 2014இன் கொபானி ஆர்ப்பாட்டங்கள் தொடர்பான வழக்கில் 2024இல் அவருக்கு 42 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஐரோப்பிய மன்றத்தின் உறுப்பு நாடு ஒன்று அம்மன்றத்தின் நீதிமன்றத்தையே ஆண்டுக்கணக்கில் அலட்சியம் செய்யுமானால், தன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைப் பற்றி என்ன செய்தார்கள் என்று ஐரோப்பாவில் வாழும் ஒவ்வொருவரும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பெல்ஜியத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல், துருக்கி அரசுக்கும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்கும் இடையிலானது ஓர் ஆயுத மோதல் என்றும் பயங்கரவாதச் சட்டத்தின்கீழ் இதை விசாரிக்க முடியாது என்றும் உறுதிசெய்தது. தன்னைக் கலைத்துக்கொள்ள முடிவெடுத்த இயக்கத்தின் பெயரால் குர்து இளைஞர்கள்மீது ஐரோப்பிய நகரங்களில் வழக்குத் தொடர்வதற்கு இனி என்ன நியாயம் இருக்கிறது?

இக்கட்சியின் வரலாற்றில் பள்ளி ஆசிரியர்களைக் கொன்றதும், ஊர்க்காவல் படையினரின் குடும்பத்தினரைக் கொன்றதும் உண்டு. அவற்றை நான் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. 1990களில் அரசு 3,000க்கும் மேற்பட்ட சிற்றூர்களை வெறுமையாக்கியதும், ஆட்களைப் பிடித்துச் சென்று காணாமல் ஆக்கியதும் அதே கணக்கில் பேசப்பட வேண்டும். 1995 மே மாதம் முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் எங்கே என்று கேட்டு இஸ்தான்புலில் கூடிவரும் சனிக்கிழமைத் தாய்மார்கள், அர்ஜென்டினாவின் தாய்மார்களிடமிருந்து அந்தப் போராட்ட வடிவத்தைப் பெற்றுக்கொண்டார்கள். 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படங்களோடு அமர்ந்திருக்கும் நம் தாய்மார்கள் கேட்கும் கேள்வியும் அதுவே. ஈழத்தமிழர்களாகிய நமக்கு இன்னொன்றும் தெரியும். 2002 போர்நிறுத்த உடன்படிக்கையை 2008 ஜனவரியில் இலங்கை அரசு முறித்தபோது கண்காணிப்புக் குழு மூட்டை கட்டியது. பார்ப்பவர்கள் போன பிறகு எப்படிப்பட்ட போர் நடந்தது என்பதை நாம் அனுபவித்தோம்.

துருக்கியின் மக்களாட்சியை விட்டுவிட்டுக் குர்து மக்களுக்கு மட்டும் தனியே சமாதானம் வாய்க்காது. ஓஜலான் அழைப்பு விடுப்பதற்கு இரு வாரங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, வான் நகரத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் அப்துல்லா செய்தான் நீக்கப்பட்டு, அரசின் ஆள் அங்கே அமர்த்தப்பட்டார். அடுத்த மாதம் இஸ்தான்புல் மேயர் எக்ரம் இமாமோலு கைதானார். குர்து நகரங்களில் 2016இலிருந்து பழகிய முறை மேற்கே நகர்ந்திருக்கிறது. இதைத் துருக்கிய மக்களில் பலர் உணர்ந்திருக்கிறார்கள். குர்து இனத்தவர் அல்லாத சிர்ரி சுரெய்யா ஓந்தர், 2025 மே மாதம் இறக்கும்வரை இம்ராலிக்கும் அங்காராவுக்கும் இடையே சமாதானத்தின் தூதராக இருந்தார்.

வழக்கறிஞர் சங்கங்கள் அரசியல் வழக்குகளுக்குப் பார்வையாளர்களை அனுப்பலாம். பிரித்தானியாவின் யுனைட், ஜி.எம்.பி. தொழிற்சங்கங்கள் 2016இலிருந்து ஓஜலானின் விடுதலைக்காக இயக்கம் நடத்துவதைப் போல மற்ற நாடுகளின் தொழிற்சங்கங்களும் செய்யலாம். ஆசிரியர் அமைப்புகளுக்குத் தனியாகவே ஒரு பணி இருக்கிறது. துருக்கியின் அரசமைப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, துருக்கியம் தவிர்ந்த வேறெந்த மொழியையும் குடிமக்களுக்குத் தாய்மொழியாகக் கற்பிப்பதைத் தடைசெய்கிறது. கோடிக்கும் மேற்பட்ட குர்து மக்கள் வாழும் நாட்டில் அந்த ஒரு வாக்கியத்தை நீக்கக் கோரி உலகின் ஆசிரியர் சங்கங்கள் அனைத்தும் துருக்கிய நாடாளுமன்றத்துக்கு எழுத வேண்டும். தமிழாசிரியர் சங்கங்கள் அதில் முதலில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.