எச்-னா ஹிட்லர் இல்லை, தம்பி

நேற்று தாத்தாவின் நினைவு நாள். அவர் அமெரிக்க யூதர். நம் திதி மாதிரிதான், யூதர்களுக்கும் நாள்காட்டி சந்திரனைப் பார்த்து நகரும். 24 மணி நேரம் எரியும் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, அவர் கழுத்தில் தொங்கிய ராணுவ அடையாளத் தகட்டைப் படமெடுத்துப் போட்டேன். அதில் ‘எச்’ என்று ஓர் எழுத்து இருக்கும். அதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். “எச்-னா ஹிட்லரா அக்கா?” அதற்கு 43 சிரிப்பு.

சிரியுங்கள். எச் என்றால் ஹீப்ரு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாயின் தகட்டில் மதத்துக்கு ஓர் எழுத்து அடிப்பார்கள். புராட்டஸ்டன்டுக்குப் பி, கத்தோலிக்கருக்கு சி, யூதருக்கு எச். செத்தால் எந்த முறையில் புதைப்பது என்று தெரிய வேண்டுமே! ஜெர்மானியரிடம் உயிரோடு சிக்கினால் அந்த ஓர் எழுத்தே போதும். 1945 பிப்ரவரியில் ஜெர்மனியின் பாட் ஓர்ப் போர்க்கைதி முகாமிலிருந்து 350 அமெரிக்கர்களைப் பெர்கா என்ற அடிமை உழைப்பு முகாமுக்குச் சுரங்கம் தோண்ட அனுப்பினார்கள். யூதர்களையும், பார்த்தால் யூதர் மாதிரி இருந்தவர்களையும் பொறுக்கியெடுத்து. பலர் திரும்பவில்லை.

தாத்தா என் கணவரின் அப்பாவைப் பெற்றவர், புரூக்ளின் தையற்காரர் மகன். 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டுப் போர்முனையில், கூட இருந்தவன் தன் தகட்டைக் கழற்றிப் பனிக்குள் புதைத்தானாம். நீங்கள் ஏன் புதைக்கவில்லை என்று கேட்டேன். “தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பான்.” சொல்லிவிட்டு என் ரசத்தை டம்ளரில் வாங்கி, மூக்கு ஒழுக ஒழுகக் குடித்தார். பதக்கங்கள் நீல பிஸ்கட் டப்பாவில் பொத்தானோடு பொத்தானாகக் கிடந்தன.

“யூதர்கள் எதிர்த்தே நிற்கலையே” என்ற அண்ணனுக்கு: அமெரிக்கப் படையில் மட்டும் சுமார் 5,50,000 யூதர்கள். அத்தனை பேர் கழுத்திலும் உங்கள் தலைவர் பெயரா தொங்கியது?

“காஸாவுக்கு வாய் திறந்தாயா?” திறந்தேன், இதே பக்கத்தில்தான், தேடிப் பாருங்கள். அங்கே விழும் குண்டுக்கு என்றைக்கோ செத்துப்போன கிழவர் ஜவாப்தாரியா? “ஹிட்லர் நேதாஜிக்கு உதவினாரே?” சரி. இந்தியா ஆங்கிலேயன் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்தில் எழுதிவைத்தவரும் அதே ஆள்தான். அதையும் ஸ்டேட்டஸில் வையுங்களேன், பொன்மொழி என்று.

முன்பின் தெரியாதவர்கள் சிரித்தால் எனக்கு ஒன்றுமில்லை. அந்த 43 பேரில் மூன்று பேர் என் கல்யாணத்துக்கு மதுரை வந்தவர்கள். பந்தியில் தாத்தாவை நடுவில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டவர்கள். வேட்டி இடுப்பில் நிற்காமல் அவர் திண்டாடியபோது, தன் பெல்ட்டைக் கழற்றி மாட்டிவிட்டது நீங்கள்தான், பெரியப்பா. அந்தச் சிரிப்பை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.