உருளைக்கிழங்கு நறுக்கத் தனியாக ஒரு கருவியா?

சென்ற தீபாவளிக்கு உறவினர் ஒருவர் அன்போடு கொடுத்த உருளைக்கிழங்கு வெட்டும் கருவியை நேற்றும் கால் மணி நேரம் கழுவினேன். கைப்பிடியை அழுத்தினால் கிழங்கு விரல் விரலாக விழும் என்பது உண்மைதான். ஆனால் பெரிய கிழங்கு அதனுள் நுழைவதில்லை என்பதால் முதலில் கத்தியால் இரண்டாகப் பிளக்க வேண்டும். கத்தியைக் கையில் எடுத்த பிறகு இந்தக் கருவி எதற்கு? கட்டம் கட்டமாக நிற்கும் தகடுகளின் இடுக்கில் சிக்கிய துண்டுகளைக் குச்சியால் குத்தி எடுத்து, ஒட்டிய மாவுச்சத்து காய்ந்து வெள்ளைப் படலமாக இறுகுவதற்குள் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, விரலை அறுத்துக்கொள்ளாமல் துடைத்து வைப்பதற்குள், அரைக் கிலோ கிழங்கை அரிவாள்மனையில் நறுக்கித் தாளித்தே முடித்திருப்பேன்.

அதுவும் ஒரே வடிவம்! வறுவலுக்கு மெல்லிய வட்டம் வேண்டும், பொரியலுக்குச் சிறு சதுரம் வேண்டும், சாம்பாருக்குப் பெரிய துண்டு வேண்டும், பூரி மசாலுக்கோ வேகவைத்துக் கையால் உதிர்த்தாலே போதும். நாள்தோறும் மூட்டை மூட்டையாகக் கிழங்கு பொரிக்கும் உணவகத்துக்கு இது தேவைப்படலாம். நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஏன்? மூட்டுவலியால் கத்தி பிடிக்க முடியாதவர்களை நான் சொல்லவில்லை, அவர்களுக்கு இது உதவிதான். நறுக்கிய கிழங்கு கறுக்காமலிருக்கத் தண்ணீரில் போடும் வேலையைக்கூட இது குறைப்பதில்லை. மிக்சிக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஒரு முழ இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தோசைக்கல்லை எடுக்கும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் முதலில் நகர்த்த வேண்டியிருக்கிறது.