காட்டிங்லி தேவதைகள் வெறும் அட்டை உருவங்கள்தான்

‘ஃபேரிடேல்: எ ட்ரூ ஸ்டோரி’ (1997) படத்தில் வரும் தேவதைகள் நிஜம், சிறுமிகள் எடுத்த பழைய புகைப்படங்களே அதற்குச் சாட்சி என்று ஒரு செய்தி பரவுகிறது. அது தவறு.

1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி ரைட்டும், 9 வயது பிரான்சிஸ் கிரிஃபித்ஸும் படமெடுத்தது உண்மை. ஆனால் அந்தத் தேவதைகள், 1914-ல் வந்த ஒரு சிறுவர் புத்தக ஓவியத்தைப் பார்த்து எல்சி வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் நிறுத்தியவை. 1983-ல் இருவருமே இதை ஒப்புக்கொண்டார்கள்.

சரி, ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் நம்பினாரே? நம்பினார், 1920-ல் ஸ்ட்ராண்ட் இதழில் எழுதவும் செய்தார். மகனையும் தம்பியையும் பறிகொடுத்து, ஆவியுலகை நாடியிருந்த காலம் அது. அவருடைய நம்பிக்கை ஆதாரமாகாது.

சிறுமிகள் எடுத்த ஐந்து புகைப்படங்களில் கடைசியானது மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் கடைசிவரை சொன்னார். எல்சி அதை ஏற்கவில்லை.