கொண்டோலா ஏறினால்தான் வெனிஸா?
"கொண்டோலாவில் ஏறாமல் வெனிஸைப் பார்த்ததாகவே ஆகாது" என்று வெனிஸ் பற்றிய ஒரு பயணக் கட்டுரை சொல்வதுதான் இடிக்கிறது. கொண்டோலா என்ற அந்த ஒடுக்கமான துடுப்புப் படகில் பகலில் அரை மணி நேரச் சவாரிக்கு 90 யூரோ. தலைக்கு அல்ல, படகுக்கு, அது சரி. ஆனால் ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாய்க்குக் குறுக்கே நாலே பாலங்கள்தான் என்பதால் இடையிடையே திராகெட்டோ என்ற படகு ஓடுகிறதே! அதுவும் கொண்டோலா வகைதான், கொஞ்சம் அகலம் கூட. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் துடுப்புப் போட, சில யூரோவில் அக்கரை. சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் ரியால்டோ மீன் சந்தை வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். உள்ளூர்க்காரர்கள் பையும் கையுமாக நின்றபடியே வருவார்கள். நான் பலகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் போனேன். அரண்மனைகளைப் பார்க்க வேண்டுமா, ரயில் நிலைய வாசலில் 1ஆம் எண் வாப்பரெட்டோவில், அதாவது பஸ் மாதிரி ஓடும் பயணிகள் படகில், ஏறுங்கள். சான் மார்கோ வரை கால்வாய் முழுக்கப் போகும். வெளிப்பக்க இருக்கைக்குத்தான் போட்டி.